பெட்டியா, பணமா

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் பசை ஒட்டும் பிரிவில் அவளை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரம் அத்தனையும் ஓடும்போதும் அவள் குரல் கடைசி மேசைவரை கேட்கும். அந்தக் குரலை மூன்று வாரமாக ஒரே விஷயத்துக்குச் செலவழித்தாள். ஆண்டுப் பரிசைப் பொருளாகத் தரக் கூடாது, பணமாகத் தர வேண்டும்.

"போன வருஷம் சுவர்க் கடிகாரம். அதுக்கு முந்தின வருஷமும் சுவர்க் கடிகாரம். வீட்ல சுவரே நாலுதான் இருக்கு. நமக்கு என்ன வேணும்னு நமக்குத் தெரியாதா?"

கைதட்டலில் பசை வாளிகள் அதிரும்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. சக்கரம் வைத்த பயணப் பெட்டி, அல்லது அதன் விலை. வெள்ளிக்கிழமை மதியம் ரகசிய வாக்கெடுப்பு; காவலாளி, ஓட்டுநருக்கும் இங்கேதான் ஓட்டு.

வெள்ளிக்கிழமை காலை அவள் தலைவாரி முடிப்பதற்குள் வீட்டில் அந்தப் பணம் செலவாகிவிட்டது. வண்டிக்கு ரெண்டு டயர். மாமியாருக்குக் கண்ணாடி. மகளுக்குக் காலணி.

"மீதி இருந்தா நீ ஏதாவது வாங்கிக்கோ" என்றார் கணவர். நல்ல மனுஷன், மனதாரத்தான் சொன்னார். மீதி இருக்காது என்பது அவருக்குத் தெரியாது.

யாரும் அநியாயமாக எதையும் கேட்கவில்லை. அதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. அநியாயம் என்றால் சண்டை போடலாம். மாமியார் செய்தித்தாளை மூக்கோடு ஒட்டிவைத்துப் படிப்பதைத் தினமும் பார்ப்பவளே அவள்தான். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். பணம் வந்தால் அது வீட்டுப் பணம். பெட்டியை யாரும் வெட்டிப் பங்கு போட முடியாது. எங்கேயாவது போகப் போகிறாளா என்ன? இல்லை. ஆனாலும் வேண்டியிருந்தது.

மதியம் ஒருமுறை முழங்கிவிட்டு, மேசையில் குனிந்து, அட்டைத் துண்டில் 'பெட்டி' என்று எழுதினாள். காதெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு ஓட்டில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

மேற்பார்வையாளர் எண்ணி முடித்தார். பெட்டிக்கு நாற்பத்தொன்று. பணத்துக்கு மூன்று.

பிரிவே தரையைப் பார்த்தது.

"மன்னிச்சுக்க, மைக்" என்றாள் பக்கத்து மேசைக்காரி. "எங்க வீட்ல என் கொழுந்தன் ஏற்கெனவே பங்கு பிரிச்சுட்டான்."

வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டாள், விடுதியில் தங்கி வேலைக்கு வரும் புதுப் பெண். "அக்கா, ஒண்ணு நீங்க, ஒண்ணு நான். மூணாவது யாருக்கா?"

மைக்குக்குச் சட்டென்று புரிந்தது. மனைவியை இழந்த காவலாளி, கல்யாணமே வேண்டாம் என்ற ஓட்டுநர், இந்தப் பெண். 'எவ்வளவு வந்துச்சு' என்று கேட்க வீட்டில் ஆளில்லாதவர்கள். அவர்கள் கையில் பணம் அவர்கள் பணமாகவே இருக்கும். மூன்று வாரம் கத்தியது இவர்களுக்காகத்தான் போலிருக்கிறது.

அப்படியே விட்டால், சொன்னபடி ஓட்டுப் போட்டவள் என்ற பெயராவது மிஞ்சும். அவள் குரலைத் தாழ்த்தினாள். அந்தத் தொழிற்சாலையில் முதல்முறையாக.

"நான் இல்லடா. நானும் பெட்டிக்குத்தான் போட்டேன்."

"அப்ப அவ்வளவு பேசினது?"

"அதுவும் நிஜம்தான்."

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்குக் கட்டில்ல கால் நீட்டவே இடமில்லக்கா. பெட்டியை எங்க வைப்பேன்?"

"எங்கயும் வைக்காத. வித்துத் தரேன். குரல் எதுக்கு இருக்கு?"

அடுத்த வாரம் பெட்டிகள் வந்து இறங்கிய அரை மணி நேரத்தில், அந்தப் பெண்ணின் பெட்டியை மேற்பார்வையாளர் தலையிலேயே முழு விலைக்குக் கட்டிவிட்டாள். தன்னுடையதைத் தூக்காமல் தெரு நீளத்துக்கும் கடகடவென்று உருட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

கணவர் குனிந்து பார்த்தார். "ரெண்டு டயர் கேட்டேன். நாலு வந்திருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார் கண்ணாடியை அடுத்த சம்பளத்தில் மாற்றிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பூட்டில் மூன்று எண்களைத் திருகினாள்.

"உள்ள என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்குப் பூட்டு?"

மகள் அதற்குள் பெட்டியின் முன் சம்மணமிட்டு, பூஜ்யம் பூஜ்யம் ஒன்றிலிருந்து தொடங்கிவிட்டாள். பூட்டு எப்படியும் ஒரு வாரம் தாங்கும்.