கோலாகலம் என்ற பதாகையின் கீழே

ஓசூர் சிப்காட்டில் உள்ள அந்தத் தொழிற்சாலையில் ஆயுத பூஜையன்று எல்லா இயந்திரங்களும் நிறுத்தப்பட்டிருக்கும். பூஜை முடிந்ததும், நெடுங்காலம் பணியாற்றிய ஒருவர், உலோகத் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பெரிய பிரஸ்ஸில் தகடு வைக்காமல் ஒரே ஓர் அடி அடிப்பது அங்கு வழக்கம். அவருக்குப் பின்னால், மின்பலகை அருகே நிற்கும் மேற்பார்வையாளர் "ரெடியா?" என்று கேட்பார். "ரெடி" என்ற பதில் வந்த பிறகே மின்சாரம் தரப்படும்.

இவ்வாண்டு அந்த மரியாதை வெங்கடப்பனுக்குக் கிடைத்தது. முப்பத்தோர் ஆண்டுகள் அதே பிரஸ்ஸில் நின்றவர். மாத இறுதியில் ஓய்வு பெறவிருந்தார். ஓராண்டாக அவருக்குக் காது ஏறக்குறைய கேட்பதில்லை. உதடுகளைப் பார்த்தே சமாளித்து வந்தார். தெரிந்தால் அந்த அடியை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், மகள் அருணாவிடமும் அவர் அதைக் கூறவில்லை.

அருணா கிருஷ்ணகிரியில் தமிழ் விரிவுரையாளர். பதாகையில் 'கோலாகல ஆயுத பூஜை' என்று அச்சிட்டிருந்ததால், அச்சொல்லைப் பற்றிச் சிறிது பேசும்படி மேற்பார்வையாளர் மணிகண்டன் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அது வடமொழியிலிருந்து வந்த சொல் என்றும், பலர் குரல்கள் கலந்த பேரிரைச்சலே அதன் முதற்பொருள் என்றும், கன்னடத்தில் இன்றும் அமளியைக் குறிக்கும் அச்சொல் தமிழில் விழாக்களின் மகிழ்ச்சியைக் குறிக்கலாயிற்று என்றும் அருணா விளக்கினார்.

"அப்போ எங்களுக்குத் தெனமும் கோலாகலந்தாங்க மேடம். இன்னிக்குத்தான் லீவு," என்றார் ஒருவர்.

எல்லோரும் சிரித்தனர். அருணாவும் சிரித்தபடி, இந்த இயந்திரங்களின் சத்தத்தில் எப்படி இத்தனை வருடம் இருந்தீர்கள் என்று தந்தையிடம் கேட்டார். பிரஸ்ஸுக்குச் சூட்டிய சாமந்தி மாலையைப் பார்த்திருந்த வெங்கடப்பன் திரும்பவில்லை. மீண்டும் கேட்டும் திரும்பவில்லை. அருணா நன்றி கூறி உரையை முடித்தார்.

வெங்கடப்பன் பிரஸ்ஸின் முன் நின்றார். கேள்வி வரும் நேரத்தை ஊகித்துக்கொள்ளலாம் என்று நம்பியிருந்தார்.

"ரெடி," என்றார்.

"அண்ணா, நான் இன்னும் கேக்கவே இல்லையே," என்றார் மணிகண்டன். கூட்டம் சிரித்தது. வெங்கடப்பன் அசையாமல் நின்றார். பிறகு மணிகண்டன் முறைப்படி இருமுறை கேட்டார். பதில் வரவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

அருணா கூட்டத்திலிருந்து விலகி, பிரஸ்ஸுக்கு அப்பால், தரையில் வரைந்த மஞ்சள் பாதுகாப்புக் கோட்டருகே தந்தைக்கு எதிரே சென்று நின்றார். குரல் எழுப்பாமல், "ரெடியாப்பா?" என்று உதடுகளை மட்டும் அசைத்தார்.

வெங்கடப்பனின் பார்வை மகளின் உதடுகளிலிருந்து கண்களுக்கு உயர்ந்து, சற்று நேரம் அங்கேயே நின்றது.

"ரெடி."

இரு கைகளாலும் பொத்தான்களை அழுத்தினார். தரை அதிர்ந்தது. அனைவரும் கைதட்டினர்.

"சத்தம் எப்படி இருந்துச்சு, பாப்பா?" என்று அவர் கேட்டார்.

"பெருசா இருந்துச்சுப்பா," என்றார் அருணா, ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக.