நூற்று எண்பதாவது பெயர்

"பீரோ சாவியைக் கீழ வை, வைஜெயந்தி."

கதவைச் சாத்திக்கொண்டே சொன்னான் ரவிசங்கர். போர்ட் பிளேர் விமான நிலையத்தின் அந்தச் சின்ன அலுவலக அறையில் மூன்றே பேர். நிலைய நிர்வாகி வைஜெயந்தி. காலையில் இங்கிருந்து பறந்துபோய், மத்தியான விமானத்தை இறக்கிவிட்டுச் சீருடையோடு வந்திருந்த அவள் கணவன், கேப்டன் ரவிசங்கர். மேஜைக்கு எதிர்ப்பக்கம் கேப்டன் கிளமெண்ட். மணி நாலு ஐம்பது. ஐந்து மணியோடு, பணிமூப்புப் பட்டியல் மீதான ஆட்சேப மனு வாங்குவதைத் தலைமை அலுவலகம் நிறுத்திவிடும்.

தரங்கம் ஏர் கம்பெனியை வெஸ்ட்விங் கம்பெனி விழுங்கி எட்டு மாதம். இரண்டு கம்பெனி விமானிகளையும், வேலையில் சேர்ந்த தேதிப்படி, ஒரே பட்டியலில் கோத்துவிட்டார்கள். முதல் நூற்று எண்பது பேருக்குத்தான் கேப்டன் இருக்கை. மற்றவர்கள் வலது பக்கம் நகர்ந்து துணை விமானியாக உட்கார வேண்டும். நூற்று எண்பது, ரவிசங்கர். நூற்று எண்பத்தொன்று, கிளமெண்ட்.

எல்லாம் ஒரு கப்பலால் வந்தது. பதினேழு வருடத்துக்கு முன், தரங்கத்தில் கிளமெண்ட் சேர வேண்டிய நாள் ஜூன் ஒன்பது. கடல் கொந்தளித்ததால், தெற்குக் கோடித் தீவிலிருக்கும் அவன் ஊரான கேம்பல் பேயிலிருந்து கப்பல் கிளம்பவில்லை. அவன் வந்து சேர்ந்தது பதினொன்று. நடுவில் பத்தாம் தேதி, வெஸ்ட்விங் ஒரே நாளில் அறுபத்தொரு பேரை எடுத்தது. அதில் வயதில் இளையவனாக, வரிசையில் கடைசி ரவிசங்கர். இன்று அந்த அறுபத்தொரு பேரும் கிளமெண்டின் தலைக்கு மேல்.

தரங்கத்தில் தீவுக்காரர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. கப்பல் நின்றுவிட்டால் ஃபோன் செய்தால் போதும். பதிவேட்டில் எழுதிவிட்டால் அன்றே வந்ததாக அர்த்தம். கிளமெண்ட் ஃபோன் செய்தான். எழுதிக்கொண்டவள், அப்போது தரங்கத்தில் புதுசாகச் சேர்ந்திருந்த வைஜெயந்தி. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் பதினொன்று என்று எழுதியது கிளமெண்டின் கைதான். வராத நாளை வந்ததாகக் காட்டுவதா என்ற இருபத்து மூன்று வயது ரோஷம். அந்த ரோஷத்தை இப்போது நினைத்தால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதிவேட்டின் அந்தப் பக்கமும் அவள் கையெழுத்தும் தலைமை அலுவலகம் போனால், கிளமெண்ட் அறுபத்தொரு பேரையும் தாண்டுவான். ரவிசங்கர் நூற்று எண்பத்தொன்று.

"நீயே எழுதுன தேதிடா. இப்ப மாத்துன்னா? க்யா மஜாக் ஹை, விளையாட்டா?" என்றான் ரவிசங்கர்.

"மாத்தவா சொன்னேன்? இருக்கதக் காட்டச் சொல்லுதேன்."

"சிமுலேட்டர்ல ரெண்டு வாட்டி ஃபெயிலானவன் எனக்கு மேலயா?"

"ஒரு வாட்டி. நீ போன மாசம் இங்க மூணு சுத்து சுத்திட்டு மெட்ராஸுக்கே திரும்பினியே, அதே காத்துல பின்னாலயே வந்து இறக்குனவம்லே நான்."

"காத்து அடங்கினப்புறம் வந்து இறக்கிட்டு, ஹீரோ பேச்சு பேசறான் பாரு."

"பஸ், போதும்!" வைஜெயந்தி எழுந்தாள். "கிளமெண்ட், பதிவேட்டைக் கறையான் தின்னுடுச்சுன்னு உங்ககிட்ட சொல்லணுமாம். காலைல இட்லி வைக்கும்போதே பாடம் எடுத்தாச்சு."

ரவிசங்கரின் முகம் கறுத்தது. அவள் பீரோவைத் திறந்தாள். நீல அட்டைப் பதிவேடு. கறையான் தொட்டிருக்கவில்லை.

"நாளைக்கு இவன் இடது பக்கம் உக்காந்து ஆர்டர் போடுவான். நான் பக்கத்துல உக்காந்து, இவன் சொன்னதும் இவனுக்குச் சக்கரம் தூக்கணும். புரியுதா உனக்கு?"

"இல்லன்னா நான் உனக்குத் தூக்கணும்," என்றான் கிளமெண்ட். "அது மட்டும் இனிக்குதோ?"

அவள் இருவரையும் பார்க்கவில்லை. ஜூன் ஒன்பது. அவளுடைய பழைய உருண்டைக் கையெழுத்து: 'கிளமெண்ட், கேம்பல் பே. கப்பல் நிற்கிறது. காலை 8.10.' படமெடுத்து அனுப்பக் கைபேசியை உயர்த்தினாள். மின்விசிறிக் காற்றில் தாள் புரண்டது. பிடித்தாள். மறுபடி புரண்டது. கிளமெண்ட் கையை நீட்டினான்.

"கை வைக்காதே!" என்று கத்தினான் ரவிசங்கர்.

தன் தோளிலிருந்த பட்டையை உருவினான். கேப்டனுக்குரிய நான்கு தங்கக் கோடுகள். அதைப் பதிவேட்டின் மேல் அறைந்தாற்போல் வைத்தான். தாள் புரளவில்லை. ஆனால் பட்டை கிடந்தது சரியாக அந்த வரியின் மேல்.

வைஜெயந்தியின் கைபேசி அந்தரத்திலேயே நின்றது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாளின் ஓரம் மட்டும், பட்டைக்கு வெளியே, படபடவென்று அடித்துக்கொண்டது.

மணி நாலு ஐம்பத்தெட்டு.