ஏழாவது பெயர்

"எக்கா, எண்பத்தேழு நவம்பர் பேப்பர் கட்டு மட்டும் அலமாரியில காணல" என்று அபிதா வந்து நின்றபோது, நேசபாய் திரும்பி வந்த புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அது கரையான் தின்னுட்டு மக்களே" என்றாள். இருபது வருடங்களாகத் தயாராக வைத்திருந்த பதில்தான். இதுவரை அதைச் சொல்லும்படி யாரும் வந்து கேட்டதில்லை.

நாகர்கோவிலில் இருந்த அந்தப் பழைய நூலகத்துக்கு அபிதா வருவது இது மூன்றாவது சனிக்கிழமை. கல்லூரியில் வரலாறு இரண்டாம் வருடம். ஊர்க் குளங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். முதல் வாரம் திருவிதாங்கூர் காலத்து நில அளவைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்து, அதில் குளங்களைத் தேடுவது எப்படி என்று நேசபாய் சொல்லித் தந்தாள். இரண்டாம் வாரம் பெரிய மேசையில் பழைய வரைபடங்களை விரித்து, இப்போது மண் கொட்டி மூடிய குளங்களை இருவருமாகப் பென்சிலால் குறித்துக்கொண்டார்கள். கேட்டதற்கு மேலேயே எடுத்துக் கொடுத்தாள். ஆனால் அந்தப் பெண் குனிந்து வாசிக்கும்போதெல்லாம் நேசபாயால் அந்த முகத்தைச் சற்று நேரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. ஏனென்று விளங்கவுமில்லை.

நவம்பர்க் கட்டைக் கரையான் தின்னவில்லை. பழைய படிவங்கள் வைக்கும் இரும்பு அலமாரியில், அடித்தட்டில், துணி சுற்றி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நேசபாய் அதை அங்கே கொண்டு வைத்துவிட்டாள். நெடுங்காட்டுக்குளம் உடைந்த செய்தி அதில்தான் இருந்தது. அவளுடைய அப்பா ரத்தினம் அந்தக் குளத்துக்குக் காவல். வயல்காரர்கள் சேர்ந்து வைத்த ஆள். மழை வலுத்தால் மறுகாலில் அடைத்திருக்கும் பலகைகளை எடுத்து மிச்சத் தண்ணீரை வெளியே விட வேண்டியது அவர் பொறுப்பு. அன்று சாயங்காலம் பலகைகளை யாரும் எடுக்கவில்லை. கரை உடைந்து குளத்தடியில் ஏழு பேர் வெள்ளத்தில் போனார்கள்.

அப்பா அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் உயிரோடிருந்தார். மழை பெய்யும்போது முற்றத்தில் இறங்கி நின்று ஏழு பெயரையும் சொல்லுவார். ஆறு பெயர்களை முணுமுணுப்பாக. ஏழாவதை மட்டும் தெருவில் விளையாடும் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல உரக்கக் கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு, பதில் வருமா என்று காது கொடுத்து நிற்பார். உள்ளே படுத்திருக்கும் நேசபாயும் மூச்சடக்கிக் காத்திருப்பாள். அவர் செத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் நூலகத்துக் கூரையில் மழை விழுந்தால் அவளுக்கு ஆறு பெயரும் கேட்கும். ஏழாவது வருமுன்னே எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைப்பாள்.

அபிதா போகவில்லை. "வேற எங்கயாவது கிடைக்குமாக்கா? இது கட்டுரைக்கு இல்ல. எனக்குத்தான் வேணும்."

"எதுக்கு?"

"எங்க அப்பாக்க தங்கச்சி அந்த வெள்ளத்துல போச்சு. அப்பாகிட்ட கேட்டா எழும்பி வெளிய போயிருவாவ. கல்யாண வீட்டுக்குப் போனா, வயசானவங்க என்னப் பாத்துட்டு 'அவளேதான்'னு சொல்லுவாவ. பேரக் கேட்டா அப்பாக்குப் பயந்து வாய மூடிக்கிடுவாவ. ஒரு போட்டோ கூட இல்ல. எனக்க மூஞ்சில இருக்கவளுக்குப் பேரு என்னன்னு கூட எனக்குத் தெரியாதுக்கா."

நேசபாய் அப்போதுதான் அந்த முகத்தை நேராகப் பார்த்தாள். நான்காம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்த முகம். அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் கட்டு இருந்தது. கரையானைப் பற்றி அபிதா ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் பக்கம். அபிதா விரலை வைத்து மெல்ல வாசித்தாள். ஆறு பெயர்கள், வயதோடு. பிறகு, 'மேலும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியைத் தேடி வருகிறார்கள்.' அவ்வளவுதான். அடுத்தடுத்த நாள் பத்திரிகைகளைப் புரட்டினாள். குளம் அவற்றில் இல்லவே இல்லை. திரும்பவும் பழைய பக்கத்துக்கு வந்து கடைசி வரியைச் சத்தமாகவே வாசித்தாள். "'குளக்காவலர் ரத்தினம் அன்று மாலை முதல் ஊரில் இல்லை.' இந்த ஆளு இப்ப இருக்காவளாக்கா? அவியகிட்ட கேக்கலாம்லா?"

"இல்ல. செத்துப் போனாவ." நேசபாய் அந்த வரியில் விரலை வைத்தாள். "எங்கப்பா."

வெளியே ஆட்டோ ஒன்று விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் அபிதா கேட்டாள்.

"ஏன் ஊருல இல்ல?"

"எனக்குக் காய்ச்சல். வலிப்பு வந்துட்டு. என்னத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனாவ. பலகைய எடுக்க வேற ஆளுகிட்ட சொல்லணும்னு அந்த நேரத்துல தோணல." இதை அவள் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும், மன்னிப்புக் கேட்டதுபோல இருக்கிறதே என்று கூச்சமாக இருந்தது. அதனால் மற்றதையும் உடனே சொன்னாள். "முத்துக்கனி. உங்க அத்தைக்கப் பேரு முத்துக்கனி. மூணாம் நாள் தாழம்புதருல கிடைச்சுதாம். நானும் அவளும் ஒரே வகுப்பு."

பெயரைத் தன் வாயால் சொன்னதும், அப்பாவைப்போல அவளும் ஒரு கணம் காது கொடுத்து நின்றாள்.

அபிதா குறிப்பேட்டில் எழுதினாள். எழுதிய எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நேசபாய் எதிர்பார்த்தாள். அவள் தலை நிமிராமல், "கட்டுரையிலயும் போடப்போறேன். ஆரு சொன்னதுன்னு கீழ எழுதணும். என்ன எழுதட்டும்?" என்றாள்.

"நேசபாய்னு எழுது." பிறகு, "ரத்தினத்துக்க மகள்னும் எழுது" என்றாள்.

அபிதா அப்படியே எழுதினாள். பையை எடுத்துக்கொண்டு, போய்ட்டு வாறேன் என்று சொல்லாமலே இறங்கிப் போனாள்.

நேசபாய் சன்னலருகே வந்து நின்றாள். எதிரே பேருந்து நிறுத்தத்தில் அபிதா யாரையோ கைப்பேசியில் அழைத்தாள், அவள் அப்பாவாகத்தான் இருக்க வேண்டும். அழைப்பு எடுக்கப்பட்டது தெரிந்தது. அவள் ஒரே ஒரு சொல்தான் சொன்னாள். உதடுகள் அசைந்த விதத்திலேயே அது என்ன சொல் என்று நேசபாய்க்குத் தெரிந்தது. பிறகு பேசவேயில்லை. அஞ்சுகிராமம் பேருந்து வந்து நின்று அவளை மறைத்தது. அது கிளம்பிப் போனபிறகும் அவள் அங்கேயே நின்றிருந்தாள், கைப்பேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தபடி, மறுபக்கத்தில் கேட்பது ஒன்றும் சிந்திவிடாமல்.