வெள்ளை வந்தால் அணையும் திரை

மணி பத்தே முக்கால். பதினொன்றுக்கு நாடகக் குழுவின் மேனேஜர் வருகிறார். நாற்பது உடைகள். டிசைனைத் திரையில் பார்த்துப் பிடித்தால் ஆர்டர் இங்கே, இல்லையென்றால் எதிர்க்கடைக்கு. போனிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார்.

தையலகத்தை நடத்துபவள் அங்கே எல்லோருக்கும் அண்ணிதான். வெட்டும் மேஜைக்கு இந்தப் பக்கம் அவளுடைய பழைய கம்ப்யூட்டர்; அந்தப் பக்கம் வாடிக்கையாளர் நாற்காலி. அதற்கு நேரே வைக்கத்தான், ஒரு புத்தகத்தின் கனமே இருக்கும் அந்தப் புது மானிட்டரை வாங்கியிருந்தாள். கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஒயர் படத்துக்கு, ஒரு ஒயர் கரண்டுக்கு.

சொருகினாள். திரை பளிச்சென்று விழித்தது.

படக்! இருட்டு.

"அண்ணி, நகருங்க. விசாரணையை நான் பாத்துக்கறேன்" என்று தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்தாள் நாத்தனார். காணாமல் போன பட்டனைக்கூடக் குறுக்கு விசாரணை செய்து கண்டுபிடிப்பவள் என்பதால் அவளுக்குப் பெயரே சி.ஐ.டி.

"பண்ணு தாயே. பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

மறுபடி சொருகினார்கள். கறுப்பு அங்கி டிசைன் வந்தது, திரை அணையவில்லை. அடுத்தது வெள்ளை கவுன். படக்!

"வெள்ளைன்னா பேயடிச்ச மாதிரி ஓடுதே!"

அண்ணிக்குப் பொறி தட்டியது. "பேயுமில்ல பிசாசுமில்ல. வெள்ளை வந்தா வெளிச்சம் ஜாஸ்தி, கரண்டும் ஜாஸ்தி வேணும். இதுக்குப் பசிக்குதுடி!"

குனிந்து கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தாள். ஒரு குட்டி விசிறி, ஊசி கோக்கும் விளக்கு, இரண்டு போன்கள். ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் எதையாவது சொருகுவது அந்தக் குடும்பத்தின் குலவழக்கம். எல்லாவற்றையும் பிடுங்கினாள்.

வெள்ளை கவுன் மூன்று விநாடி நின்றது. படக்!

"கெழட்டு மெஷின். அதோட ஓட்டை கொடுக்கற கரண்டு அவ்வளவுதான்" என்றாள் அண்ணி. அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தாள். அதன் பின்பக்கத்தில் கொட்டை எழுத்து: பழைய கம்ப்யூட்டர் என்றால் உடன் உள்ள சார்ஜரைச் சுவர் பிளக்கில் மாட்டவும்.

உடன் உள்ள சார்ஜர்? பெட்டி காலி.

வாசலில் அழைப்பு மணி. ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டாரே மனிதர்!

"எவனோ சுட்டுட்டான் அண்ணி! சார்ஜர் எப்படி இருக்கும், அடையாளம் சொல்லுங்க!"

அண்ணி பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு சி.ஐ.டி.யின் கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் மாட்டிய விசிறி ஜிவ்வென்று சுற்ற, அதிலிருந்து இறங்கிய நீளமான வெள்ளை ஒயர் சுவர் பிளக்கில் போய் முடிந்தது.

"இப்படி இருக்கும்."

சி.ஐ.டி.யின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "சும்மா கெடக்குதேன்னு... நேத்துதான் அண்ணி..."

"வாக்குமூலம் அப்புறம். கழட்டு!"

மேனேஜர் நாற்காலியில் உட்காரவும் வெள்ளை கவுன் திரையில் மலரவும் சரியாக இருந்தது. அண்ணி மனதுக்குள் எண்ணினாள். மூன்று விநாடி. பத்து. ஒரு நிமிடம். அவர் சொல்லச் சொல்ல இந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் கவுனின் கையை நீட்டினாள், கழுத்தை இறக்கினாள். அந்தப் பக்கம் கவுன் அப்படியே மாறியது.

"இதேதான் வேணும். நாப்பதும் நீங்களே தைங்க" என்று எழுந்தவர், ஓரமாக நின்றவளைப் பார்த்தார். "இவங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?"

"குற்றவாளி பிடிபட்டாச்சு சார்" என்றாள் அண்ணி.