இரண்டாம் வேண்டுதல்

சென்னம்மாள் பொறுமையைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவள். கிருஷ்ணகிரிக்கு எட்டு மணி பஸ் என்றால் ஏழு மணிக்கே குருபரப்பள்ளி ரோட்டில் போய் நிற்பாள். நின்றுகொண்டு, வராத பஸ்ஸைத் திட்டுவாள். அப்படிப்பட்டவளிடம் போய் ஒரு டாக்டர் மூன்று வாரம் பொறுங்கள் என்றால் அவள் என்னதான் செய்வாள், பாவம்.

பொறுக்கச் சொன்னது அவள் புருஷன் முனிசாமியின் ரத்தத்துக்காக. மாந்தோப்புக்காரரான முனிசாமிக்குப் பெருங்குடலில் புற்றுநோய். தை மாதம் பெங்களூரில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். அடுத்த மாதம் எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை. சென்னம்மாள் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டாள். டாக்டர் ஆனந்த் மட்டும் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பச் சொன்னார்.

"கட்டி தன்னோட மரபணுத் துணுக்கை ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். கட்டியை எடுத்த பிறகும் அது ரத்தத்துல இருந்தா, நோய் எங்கேயோ மிச்சம் இருக்குன்னு அர்த்தம். ஸ்கேன்ல தெரியணும்னா அது வளர்ந்திருக்கணும்" என்றார் டாக்டர்.

முனிசாமி யோசித்தார். "மேல பழம் நல்லாத்தான் இருக்கும், அறுத்தா கொட்டைக்குள்ள வண்டு இருக்குமே. அந்த மாதிரிங்களா சார்?"

"அதேதான். ரிசல்ட் வரட்டும், பொறுங்க."

சென்னம்மாள் பொறுக்கவில்லை. புருஷனுக்கு இந்த நோய் போனால் கிடா வெட்டிச் சொந்தபந்தத்துக்கெல்லாம் சோறு போடுவதாக முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதலை மனசுக்குள்தான் சொல்வார்கள், வாய்விட்டுச் சொல்வதில்லை. நிறைவேற்றிவிட்டால் அதோடு முடிந்தது. அதே காரியத்துக்காக மறுபடியும் போய் சாமி முன்னால் நிற்கக் கூடாது. அந்தப் பக்கத்து வழக்கம் அது.

ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கும் மகள் ரேவதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "அந்த ரத்த ரிசல்ட் வரட்டும்மா. இப்ப என்ன அவசரம்?"

"ஸ்கேன் பொய் சொல்லுமா? பங்குனி போச்சுன்னா மாங்காய் வேலை வந்துரும். அப்புறம் ஒரு சனம் வராது" என்று ஒற்றைக் காலில் நின்றாள் சென்னம்மாள்.

கிடா வெட்டினார்கள். ஊரே வந்து சாப்பிட்டது. முனிசாமி புது வேட்டி கட்டிக்கொண்டு பந்தி பந்தியாகப் போய், "எனக்குச் சரியாப் போச்சு, நல்லா சாப்பிடுங்க" என்று உபசரித்தார். அவரை அவ்வளவு சந்தோஷமாக அவள் பார்த்ததே இல்லை.

ரிசல்ட் அதற்கு நாலாம் நாள் வந்தது. ரேவதி லீவு போட்டுவிட்டு வந்து நின்ற கோலத்திலேயே சென்னம்மாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"ரத்தத்துல இருக்குதாம்மா. அப்படியே விட்டா திரும்ப வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகமாம். உடனே கீமோ ஆரம்பிக்கணும்னு சொல்றாரு. ஆரம்பிச்சாலும் நிச்சயம்னு சொல்ல முடியாதாம். ஆனா தள்ளிப்போடக் கூடாதாம்."

முனிசாமி கேட்டார். கேட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினார். "நா வரல. சாமிக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்து முடிச்சாச்சு. ஊரே சாப்பிட்டுட்டுப் போச்சு. இப்ப போயி ஊசி போட்டுக்கினா முனியப்பன் ஏமாத்திட்டாருன்னு ஆவாதா?"

மகள் அழுதாள். டாக்டர் போனிலேயே பேசிப் பார்த்தார். மனிதர் அசையவில்லை. ஒரு வாரம் இப்படியே போனது. கீமோ ஆரம்பிக்க டாக்டர் சொன்ன கெடுவோ நெருங்கிக்கொண்டிருந்தது. தன் அவசரம் புருஷனின் கழுத்தில் கத்தியாக வந்து நிற்கிறது என்று சென்னம்மாளுக்குப் புரிந்தது. சோறு இறங்கவில்லை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

ஒருநாள் மத்தியானம் தோப்புக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவும்வரை, வாழ்க்கையில் முதல் தடவையாக, பொறுமையாக இருந்தாள்.

"இந்தாங்க, நா நோய்க்கு வேண்டிக்கல. ஆபரேஷன் முடிஞ்சு நீங்க உசுரோட வெளிய வரணும்னுதான் வேண்டிக்கினேன். வந்தீங்க, குடுத்தோம். நோய் சமாச்சாரம் வேற. அது டாக்டர் பாடு."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "நெஜமாவா?"

"முனியப்பன் மேல சத்தியமா."

சாமி பேரில் அவள் பொய்ச் சத்தியம் செய்தது அதுதான் முதல் முறை. மறுநாளே முனிசாமி சட்டையை மாட்டிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினார். போகட்டும், பாவம் தன்னோடு போகட்டும், மனுஷன் பிழைத்தால் சரி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கீமோ மாதக்கணக்கில் ஓடியது. அந்த மருந்து ஏறியதிலிருந்து குளிர்ச்சி ஆகவில்லை. பம்புசெட் தண்ணீரில் கை வைத்தால் ஷாக் அடிப்பதுபோல் விரல்கள் சுண்டின. மோரைக் கூடச் சுடவைத்துத்தான் குடித்தார். அந்த வருஷத்து மாங்காயை யார் யாரோ பறித்தார்கள். ஒரு நாளும் அவர் முணுமுணுக்கவில்லை. எல்லாம் முடிந்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அந்தத் துணுக்கு இன்னும் இருந்தது, முன்னைவிட அதிகமாக. ஸ்கேனில் அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. நாலு மாதம் கழித்துத்தான் ஸ்கேன் அதைக் காட்டியது. கல்லீரலில், மூன்று இடத்தில். வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், அதற்கும் கேட்கவில்லை.

சென்னம்மாள் டாக்டரைத் தனியாகப் பிடித்தாள். "அந்த ஒரு வாரம் வீணாப் போச்சே சார். அதனாலங்களா?"

"இல்லம்மா. ஒரு வாரத்துல ஒன்னும் ஆகியிருக்காது" என்றார் டாக்டர். "சிலருக்கு இந்த மருந்து கேக்கும், சிலருக்குக் கேக்காது. இனிமே வலி இல்லாமப் பாத்துக்கலாம்."

அவர் திட்டியிருந்தால் கூட அவளுக்குத் தேவலை என்றிருந்திருக்கும். யாரும் திட்டவில்லை.

முனிசாமி வீட்டோடு கட்டிலில் கிடந்தார். கண்ணெல்லாம் மஞ்சள் பாய்ந்துவிட்டது. ஒரு காலை, அவள் முகம் துடைத்துவிடும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"சென்னம்மா, ஒன்னு கேக்கட்டுமா? ஆபரேஷனுக்கு வேண்டிக்கினியே. இந்த நோய் போவணும்னு ஒரு தடவை கூட வேண்டிக்கலியா?"

வேண்டிக்கொண்டேன், ராத்திரி பகலாக அதைத்தான் வேண்டிக்கொண்டேன் என்று அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால், கிடாவை வாங்கிக்கொண்டு சாமி கைவிட்டுவிட்டது என்று சாகப்போகிறவரிடம் சொன்னதாகிவிடும். துணியைப் பிழிந்தாள்.

"இல்லிங்க. தோணல."

"தோணலியா" என்றார் அவர். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசிக்கும் வலிக்கும் அழாத மனிதருக்குத் தோள் குலுங்கியது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் தன் உயிருக்காக ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றால் யாருக்குத்தான் தாங்கும். அவள் தலைமாட்டில் அப்படியே நின்றாள். தொடக்கூடத் துணியவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் திரும்பினார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"சரி விடு. அதுவும் நல்லதுக்குத்தான். இன்னும் கேக்கவே இல்லியே நாம. இப்ப வேண்டிக்கோ. கேட்டா குடுப்பாரு."

சென்னம்மாள் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை வைத்து, அவர் கண் முன்னாலேயே முடிந்தாள். கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கண்ணை மூடினாள். கிடா கொடுத்து முடித்த காரியத்தை மறுபடி எப்படிக் கேட்பது. உதடு மட்டும் அசைந்தது.

"கேட்டியா?"

"கேட்டேன்."

முனிசாமி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். கொஞ்சம் கஞ்சி கொடு என்றார்.