நூறு ரூபாய்க்குக் கொத்தோ

மருதமுனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இடையில் மர்சூக் காக்கா ஒலிபெருக்கியில் அறிவிக்காத விஷயம் இல்லை. மின்வெட்டு, கண் வைத்தியம், காணாமல்போன மாடு எல்லாவற்றுக்கும் அவருடைய ஓட்டோவும் குரலும்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை, ஜப்பான் மொழி வகுப்பு நடத்தும் நப்லா டீச்சர் கொடுத்த தாளில் இருந்த சொல் அவருக்குப் புதிது.

"கொத்தோ எண்டா பதின்மூணு நரம்பு வெச்ச ஜப்பான் வாத்தியம், காக்கா. மிசாகோ எண்ட அம்மா வந்து வாசிக்கப் போறாங்க. போன மாசம் வேற ஊருல டிக்கட் விலையக் கூட்டி வெச்சி பதினொரு பேர்தான் வந்தாங்களாம். அதான் நம்மட ஊருல நூறு ரூவா. மண்டபம் நிறையாட்டி இனி இந்தப் பக்கமே வரமாட்டாங்க" என்றாள் நப்லா.

தாளில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் வாசித்தபோது ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு தெரு தாண்டியதும் மர்சூக் தன் பாணிக்கு மாறினார். "நூறே ரூவா! ஜப்பான் கொத்தோ! பின்னேரம் நாலரைக்கு, குடும்பத்தோட வாங்க!" கடைவாசல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. அவருக்கே தன் தொண்டைமேல் ஒரு மரியாதை வந்தது.

நாலரைக்கு மண்டபத்தின் முந்நூறு கதிரைகளும் நிறைந்துவிட்டன. நப்லாவுக்குக் கண் கலங்கியது. அப்போது முன்வரிசையில், பெரியநீலாவணையிலிருந்து மனைவி செல்லத்தங்கத்தோடு வந்திருந்த மீனவர் கனகசபாபதி எழுந்து, ஓரமாக நின்ற மர்சூக்கைக் கேட்டார்.

"தம்பி, கோழிக் கொத்தோ, மாட்டுக் கொத்தோ? நாங்க மாடு சாப்பிடுறதில்ல."

மண்டபம் பதிலுக்காகக் காதைத் தீட்டியது. பலருடைய மடியில் சாப்பாட்டுப் பெட்டி இருப்பதை மர்சூக் அப்போதுதான் கண்டார். பின்கதவால் நழுவினால் ஓட்டோ பக்கத்தில்தான் நின்றது. நப்லாவின் முகத்தைப் பார்த்தார். போய் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"கொத்து ரொட்டி இல்ல. கொத்தோ எண்டது வாத்தியம். பிழை என்னில. சாப்பிட வந்த ஆக்கள் வாசல்ல காசத் திருப்பி எடுங்க."

சிரிப்பும் முணுமுணுப்புமாகப் பலர் கதிரைகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்கள். என்ன நடந்தது என்று மேடையிலிருந்த மிசாகோ கேட்க, நப்லா முகம் சிவந்து ஜப்பான் மொழியில் விளக்கினாள். மிசாகோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"அந்தச் சாப்பாட்ட எப்பிடிச் செய்யிறதெண்டு காட்டச் சொல்றாங்க, காக்கா" என்றாள் நப்லா.

மர்சூக் இரண்டு கைகளையும் ரொட்டி கொத்தும் தகடாக்கி மேசையில் கொத்தினார். டக்க டக்க டக்டக். மிசாகோ வாத்தியத்தின் பலகையில் அதையே தட்டினாள். பிறகு அந்தத் தாளம் அப்படியே நரம்புகளில் ஏறி ஓடியது. எழுந்தவர்கள் நின்றபடியே கைதட்டினார்கள். பத்துப் பதினைந்து பேர் போக, மற்றவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதன்பின்தான் அவள் வாசிக்க வந்ததை வாசித்தாள். மெல்ல ஆறுதலாக, ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே மின்விசிறியின் சத்தம் கேட்கும் அளவுக்கு இடைவெளி விட்டு வாசித்தாள். மூச்சுவிட நிறுத்தினால் சனம் போய்விடும் என்று பயந்தே இருபது வருடம் கத்தியவர் மர்சூக். இவளோ நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். ஒருவரும் அசையவில்லை.

முடிந்ததும் சனம் மேடையில் ஏறி வாத்தியத்தைச் சூழ்ந்துகொண்டது. கனகசபாபதி குனிந்து நரம்புகளைப் பார்த்தார். "இது மீன் பிடிக்கிற தங்கூசி நூல் மாதிரியெல்லோ கிடக்கு?"

மிசாகோ நரம்பைச் சுண்டத் தன் பெருவிரலில் மாட்டியிருந்த நகக்கவசத்தைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். தடித்துக் காய்த்த அவருடைய பெருவிரலில் அது பாதிதான் ஏறியது. செல்லத்தங்கம் சிரித்தாள். அவர் ஒரு நரம்பைச் சுண்டினார். ஓசை எழுந்து கூரைவரை போனது. நரம்புக்கு மேலே விரலை அப்படியே வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, ஆழத்தில் மீன் தொடுகிறதா என்று பார்ப்பவரைப்போல் அவர் நின்றார்.