உலர் எடை

1

இந்தக் கதை என்னுடைய யோசனை இல்லை. என் மாமியாருடையது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, சாப்டீங்களா?"

"ஆச்சு, அத்தை."

"என்ன சாப்டீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"சின்னவ மாட்டேங்குறா. வியாழக்கிழமை ஆப்பரேஷனுக்கு நாள் குடுத்தாச்சு. போக மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நீங்க சொன்னா கேப்பா."

"நான் என்னத்தச் சொல்றது?"

"பேச வரலேன்னா எழுதியாவது குடுங்க. நீங்க நல்லா எழுதுவீங்கன்னு பெரியவ சொல்லுவா."

பெரியவள் என் மனைவி. சின்னவள் அவள் தங்கை, பள்ளியில் கணக்கு டீச்சர். இருவருக்கும் அப்பாவின் மூக்கு, அப்பாவின் பிடிவாதம், அப்பாவின் சிறுநீரக நோய். அப்பா அதில் போனார். பெரியவள் டயாலிசிஸில் இருந்தபோது, போன வருடம் போனாள். இப்போது சின்னவளின் சிறுநீரகங்கள் நிற்கப்போகின்றன. டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன்னால் கையில் ஒரு சின்ன அறுவை செய்து, இரண்டு ரத்தக்குழாய்களை இணைக்க வேண்டும். அந்த இணைப்பு ஊசி தாங்கும் அளவுக்குத் தடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் வியாழக்கிழமை. "அக்கா மாதிரி தண்ணிக்கு ஏங்கிக் கெடக்க என்னால முடியாது" என்று சொல்லிவிட்டாளாம்.

(மாற்றுச் சிறுநீரகம் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. பெயர் பதிந்திருக்கிறது. அது கிடைக்கும் வரை உயிரோடு இருக்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.)

ஆகவே இது ஒருத்திக்காக எழுதப்படும் கதை. நீங்கள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

2

முதல் தொடக்கம்: "மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர்." பாடப்புத்தகம். விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு நதி இருந்தது. அதற்குக் கடலுக்குப் போகும் வழி ஒரு நாள் திடீரென்று—" உவமை. சின்னவளுக்கு உவமை ஆகாது. கணக்கில் ஆப்பிள் பழம் வந்தாலே எரிச்சல்படுவாள்.

மூன்றாவது: "நான் தானியக் கிடங்கு ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்." இது உண்மை. தொடர்கிறேன்.

மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுப்பேன். அரைத்து எடை போடுவேன். ஓவனில் வைத்து உலர்த்துவேன். மறுபடி எடை. குறைந்தது எவ்வளவோ அவ்வளவு தண்ணீர். ஈரம் அதிகமிருந்தால் லாரியைத் திருப்பி அனுப்புவேன். லாரிக்காரர் என் குடும்பத்தைத் திட்டிக்கொண்டே வண்டியை எடுப்பார். வேலை இவ்வளவுதான்.

டயாலிசிஸ் பிரிவின் வாசலிலும் ஓர் எடை மேடை இருக்கிறது. உள்ளே போகும்போது ஏற்றுவார்கள். வெளியே வரும்போது ஏற்றுவார்கள். வித்தியாசம் தண்ணீர். உடம்பில் தேவைக்கு மேல் தண்ணீர் இல்லாதபோது ஒருவர் இருக்கும் எடைக்கு அங்கே உலர் எடை என்று பெயர். முதல் நாள் அந்த வார்த்தையைக் கேட்டதும் பெரியவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"டேய், உன் ஆபீஸுக்கே வந்துட்டேன் பாரு."

(அந்தச் சிரிப்பை விவரிக்க முயன்றேன். 'பளிச்சென்று' என்று எழுதினேன். அது பற்பசைக்குச் சொல்வது. விட்டுவிட்டேன்.)

3

சின்னவளுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் கதையில் இது வர வேண்டும்.

உடம்பில் தண்ணீர் சும்மா நிற்பதில்லை. ரத்தமாக ஓடி உப்பையும் சர்க்கரையையும் சுமக்கிறது. மூட்டுகளை உரசாமல் வைத்திருக்கிறது. வியர்வையாகிச் சூட்டை இறக்குகிறது. கண்ணை நனைக்கிறது. எலும்பில்கூட இருக்கிறது. பெரும்பகுதி செல்களுக்கு உள்ளே, மிச்சம் வெளியே. எவ்வளவு தங்கலாம், எவ்வளவு போகலாம் என்பதைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது. அது நின்றுவிட்டால் குடித்த தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. முதலில் கணுக்காலில் தேங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும், சீக்கிரம் மேலே வராது. பிறகு முகம். பிறகு நுரையீரல். தண்ணீரில் மூழ்குவதென்றால் குளத்திலோ கடலிலோதான் முடியும் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன்.

தாகத்துக்கு இதெல்லாம் தெரியாது. அது மூளையில் உட்கார்ந்திருக்கிறது. ரத்தத்தில் உப்பு கூடினால் கேட்கும். சிறுநீரகம் நின்றுபோன செய்தி அதற்குப் போய்ச் சேர்வதே இல்லை. உடம்பெல்லாம் தண்ணீர் தேங்கியிருக்கும்போதும் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

(கதை கட்டுரையாகிவிட்டது. எனக்குச் சுலபமாக வருவது இதுதான். ஆட்கள் வந்தால் கை நின்றுவிடுகிறது.)

4

ஆட்கள்.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று பெரியவளுக்கு அளவு வைத்த பிறகு, அவள் எதிரில் நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். குளியலறைக்குள் போய், வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் குடிப்பேன். ஒரு நாள் கதவு தட்டப்பட்டது.

"உள்ள என்ன பண்றே?"

"குளிக்கிறேன்."

"சட்டை, பேண்டு, வாட்ச் எல்லாத்தோடயுமா? வெளிய வாடா திருடா."

வந்தேன். வாயைத் துடைக்க மறந்திருந்தேன்.

"எத்தன நாளா நடக்குது?"

வாயைத் துடைத்துக்கொண்டேன்.

"இனிமே என் எதிர்ல உக்காந்து குடி. குடிச்சிட்டு எப்படி இருக்குன்னு சொல்லு."

குடித்தேன். "ஜில்லுன்னு இருக்கு."

"அவ்ளோதானா? காலேஜ்ல எக்ஸ்ட்ரா பேப்பர் மேல பேப்பர் வாங்கி எழுதுவே. மொதல்ல எங்க பட்டுச்சு?"

"பல்லுல."

"அப்புறம்?"

"நாக்குக்கு அடியில போச்சு. தொண்டையில ஒரு எடத்துல நின்னு யோசிச்சுது. அப்புறம் எறங்குச்சு. நெஞ்சுக்குள்ள கோடு போட்ட மாதிரி."

"ம்."

"வயித்துக்குப் போனதும் காணோம்."

"ம். பரவால்ல. நாளைக்கு இன்னும் நல்லா சொல்லணும்."

எழுத்து என்று எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தினமும் ஒரு டம்ளர். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில நாள் குறுக்கே "பொய்" என்பாள். நான் மறுபடி ஒரு வாய் குடித்துவிட்டுத் திருத்துவேன்.

இப்போது தண்ணீர் குடித்தால் யாரும் எதுவும் கேட்பதில்லை. குடிக்கிறேன். போகிறது.

5

இந்த இடத்தில் சின்னவள் கதைக்குள் வர வேண்டும். அவள் வந்த ஒரு மதியம் இருக்கிறது. வாசல் கதவு திறந்திருந்தது. அக்கா கையிலிருந்து நான் டம்ளரைப் பிடுங்குவதை அவள் பார்த்தாள். தண்ணீர் தரையில் கொட்டியது. பெரியவள் அந்தத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விட்டாள்.

இதற்கு இரண்டு வடிவங்கள் எழுதினேன்.

ஒன்று: பிடுங்கியது விளையாட்டு. இருவரும் சிரித்தோம். வாசலில் நின்றவளுக்குச் சிரிப்பு தெரியவில்லை.

இரண்டு: பிடுங்கியதுதான். முந்தின நாள் பெரியவளுக்கு மூச்சு முட்டியதால் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அன்றைய அளவு காலையிலேயே தீர்ந்திருந்தது. "நீ மட்டும் குடிச்சுக்கோ" என்றாள். பிறகு என்னோடு பேசவில்லை. நான் தரையைத் துடைத்தேன். மறுநாள் அவளாகவே "டேய், சோப்பு தீந்துபோச்சு" என்று ஆரம்பித்தாள்.

முதல் வடிவத்தை வைத்துக் கதையை முடித்தேன். அதில் தங்கை அழுகிறாள், புரிந்துகொள்கிறாள், அறுவைக்கு ஒப்புக்கொள்கிறாள். எல்லாம் ஒரே பக்கத்தில். அப்படி ஒரு பெண்ணை நான் எங்கும் பார்த்ததில்லை. இருந்தாலும் செவ்வாய்க்கிழமை மாலை கொண்டுபோய்க் கொடுத்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதற்குப் பிறகு திருத்தியது.

6

கட்டிலில் விடைத்தாள் கட்டுகள். அவற்றுக்கு நடுவில், காலை ஒரு தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு சின்னவள் படித்தாள். கையில் பென்சில். நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, இதுல வர்ற பொண்ணு யாரு?"

"நீதான்."

"'மெல்லிய விரல்களால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.' என் விரலப் பாத்திருக்கீங்களா? வீங்கிப் போய் மோதிரத்த வெட்டித்தான் எடுத்தாங்க."

"மாத்திடறேன்."

"இந்த டம்ளர் விஷயம் பொய். நான் அங்கதான் நின்னேன். யாரும் சிரிக்கல."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு எழுதுனீங்க?"

"அத்தைதான்..."

"அம்மா சொன்னா பொய் எழுதுவீங்களா? எங்க ஸ்கூல்ல அஞ்சாவது பசங்க உங்களவிட நல்லா புளுகுவாங்க. பத்துக்கு மூணு மார்க். அதுவும் தண்ணி குடிக்கிற எடத்துக்கு மட்டும்." பென்சிலைக் கீழே வைத்தாள். "அக்கா அத எங்கிட்ட சொன்னதே இல்ல."

சமையலறையில் அத்தை ஒரு பாத்திரத்தைச் சத்தம் வராமல் வைத்தார். கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

"தாகத்துக்குப் பயப்படறேன்னு அம்மா நெனைக்கிறாங்க. நானும் அப்படித்தான் சொல்லிட்டேன். அது இல்ல."

"பின்ன?"

"கடைசி நாள் அக்கா தண்ணி கேட்டாளா? கேட்டும் யாரும் குடுக்கலையா? உங்க கதையில அந்த நாளே இல்ல. நைஸா தாண்டிப் போயிட்டீங்க."

நான் எழுந்தேன்.

"அத எழுதி அனுப்புங்க மாமா. நாளைக்குள்ள. அப்புறம் வர்றேனா இல்லையான்னு பாக்கலாம்."

7

இன்று புதன். வேலையிடத்தில், ஓவன் சூடேறும் இடைவெளியில் எழுதுகிறேன்.

அ. கேட்டாள். நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தார். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். பல், நாக்கு, தொண்டை என்று மனதுக்குள்—

ஆ. கேட்டாள். நர்ஸ் அப்போதுதான் பக்கத்துப் படுக்கைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது—

இ. கேட்கவில்லை. அவளுக்குத் தாகமே இல்லை. அவ்வளவு நாளில் முதல்முறையாக—

மூன்றும் நன்றாக வருகின்றன. அதுதான் பயமாக இருக்கிறது.

நடந்தது இது. ரத்தத்தில் கிருமி என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. கதவில் சின்னதாக ஒரு சதுரக் கண்ணாடி. அதன் வழியாக, போர்வைக்கு வெளியே அவள் இடது பாதம் தெரிந்தது. அப்புறம் ஒரு நர்ஸின் முதுகு. நர்ஸ் குனிந்தார். கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தார். அவள் ஏதோ சொல்ல அவர் காது கொடுத்தாரா, தலையணையைச் சரிசெய்தாரா, தெரியாது. பிறகு திரையை இழுத்துவிட்டார்கள்.

அந்த நர்ஸைத் தேடிப் போய்க் கேட்கலாம். போகவில்லை. அவர் என்ன சொன்னாலும் அது முடிவாகிவிடும். முடிவு கிடைத்தால் எனக்கு அவளிடம் வேலை முடிந்துபோகும்.

(இந்த வரியை வெட்டலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.)

8

மற்றவர்கள் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். இனி அவளோடு.

சின்னவளே, எனக்குத் தெரியாது. இதுதான் நீ கேட்டதற்குப் பதில். எவ்வளவு வேண்டுமானாலும் மார்க் போடு.

தாகம் இருக்கும். இல்லை என்று எழுத மாட்டேன். உன் கையிலிருந்தும் டம்ளரைப் பிடுங்க வேண்டி வந்தால் பிடுங்குவேன். நீ திட்டு. டயாலிசிஸ் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போடுகிறார்கள். துணைக்கு ஒருவர் உட்காரலாம். நான் உட்காருகிறேன். நீ என்ன கேட்டாய், என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று சொல்ல ஓர் ஆள் இருப்பான். கதவு சாத்திய அறைக்குள்ளும் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. கதவைத் தட்டுவேன். போன முறை தட்டவில்லை. தட்டலாம் என்றே தோன்றவில்லை.

அந்த முக்காலி எனக்கும் வேண்டும். அதையும் சொல்லிவிடுகிறேன். மாலையில் வீட்டைத் திறந்தால், காலையில் வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறது. சீப்பு, சாவி, நாற்காலிமேல் துண்டு. ஒன்றுகூட நகர்வதில்லை. நீ பிழைக்க வேண்டும் என்பது அத்தையின் ஆசை. என்னுடையது அதைவிடச் சின்னது. என்னோடு யாராவது சண்டை போட வேண்டும்.

நீ வராவிட்டால் கோபப்பட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கோபப்படுவேன்.

நாளைக் காலை உங்கள் வீட்டுக்குக் கீழே வாடகைக் காரோடு நிற்பேன். ஹார்ன் அடிக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்லியாயிற்று. உன்னை எழுப்ப வேண்டாம் என்று அத்தையிடமும் சொல்லியாயிற்று. மாடி ஏறி வர மாட்டேன். அதற்கு மேல் நான் எழுதினால் அது பொய். அதனால் கடைசி வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன்: காரை விட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு,